நெஞ்சு எழும்பாத குழந்தை: பொம்மையில் படித்த ஒரு ஹவுஸ் சர்ஜனின் லேபர் ரூம் நிகழ்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது இது. தாய், குழந்தை, பணியில் இருந்தவர்கள் யாருடைய அடையாளமும் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டோம். குழந்தை பிழைத்தது, நலமாக வீட்டுக்குப் போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே ஆராய்வது, மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடித்திருந்த கைகள் என்ன கற்றிருந்தன, எங்கே கற்றன என்பதை.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தாமாகவே மூச்சு விட ஆரம்பித்துவிடும். இன்னும் ஒரு 10 சதவீதம், ஈரம் போகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் அழுதுவிடும். ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மட்டும்தான் மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சை அழுத்துவது, அட்ரினலின் போடுவது எல்லாம் ஆயிரத்தில் ஓரிரு குழந்தைகளுக்குத்தான். ஆக, லேபர் ரூமில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு மாணவர் கையில் பேக் வந்து சேராமலே போகலாம். அப்படியே வந்தாலும் அந்த நேரத்தில் அதை முதுநிலை மாணவர் வாங்கிக்கொள்வார், அது நியாயமும்கூட. பிறந்து ஒரு நிமிடத்துக்குள் நுரையீரலுக்குக் காற்று போக வேண்டிய குழந்தையை வைத்து யாரும் பாடம் நடத்த முடியாது.

அதனால்தான் பொம்மை. 2019-இல் நடைமுறைக்கு வந்த, இந்திய மருத்துவக் கவுன்சிலின் பாடத்திட்டமும் பச்சிளங்குழந்தைக்கு உயிர்ப்பளிப்பதை மேனிகினில் செய்து காட்ட வேண்டிய திறன்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இந்தக் கல்லூரியிலும் ஸ்கில்ஸ் லேப் உண்டு. குழந்தைகள் நலப் பிரிவுக்கென்று இரண்டு பொம்மைகள் இருந்தன: பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ள முழு உடல் மேனிகின் ஒன்று, நியோநேட்டலி என்ற குழந்தைப் பொம்மை ஒன்று. இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் இவற்றில் பயிற்சி எடுத்து, ஆஸ்கி என்ற, நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறைத் தேர்வில் செய்து காட்டித் தேறிய பிறகே ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஆகிறார்கள்.

அன்று இரவு

முதல் பிரசவம், நிறைமாதம். குழந்தை வெளியே வரும் இரண்டாம் கட்டம் இழுத்துக்கொண்டே போனது, சிசுவின் இதயத் துடிப்பும் இறங்க ஆரம்பித்ததால் வேக்குவம் (தலையில் பொருத்தி இழுக்கும் உறிஞ்சு கருவி) வைத்து எடுத்தார்கள். குழந்தைகள் பிரிவின் முதுநிலை மாணவர் எஸ்.என்.சி.யு-வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) ஒரு குறைமாதக் குழந்தையோடு இருந்தார். அழைப்பு போய்விட்டது, அவர் வந்துகொண்டிருந்தார். பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும்.

குழந்தை துவண்டு கிடந்தது, அழவில்லை. ஹவுஸ் சர்ஜன் தாமதிக்கவில்லை. துடைத்தார், ஈரத் துண்டை உருவி எடுத்துப் போட்டார், முதுகைத் தேய்த்தார். மூச்சு வரவில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள் மாஸ்க்கை வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டார். வரிசை சரி, நேரமும் சரி. "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டு எண்ணியபடி நிமிடத்துக்கு 40 முதல் 60 என்ற வேகத்தையும் சரியாகப் பிடித்தார்.

ஆனால் நெஞ்சு எழும்பவில்லை. மாஸ்க்கின் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று வெளியேறுவது பக்கத்தில் நின்றவருக்கே கேட்டது. அவர் பேக்கை இன்னும் பலமாக அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "ஹார்ட் ரேட்?" என்றார். யாரைக் கேட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ் தன்னைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஸ்டெதஸ்கோப் வைத்து ஆறு விநாடி எண்ணினார். எட்டு, அதாவது நிமிடத்துக்கு 80.

"டாக்டர், நெஞ்சு எழும்பவே இல்ல பாருங்க" என்று அவர் சொன்னதும், ஹவுஸ் சர்ஜன் மாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

அந்த நேரத்தில் முதுநிலை மாணவர் வந்து சேர்ந்தார். வந்தவுடன் அவர் செய்தது நான்கே காரியம். பேக்கில் மாட்டியிருந்த 0 அளவு மாஸ்க்கைக் கழற்றி 1 அளவை மாட்டினார். ஒரு துணியை மடித்துத் தோளுக்கு அடியில் கொடுத்துக் கழுத்தை நேராக்கினார். முதலில் வாயை, பிறகு மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்தார். வாயைச் சற்றுத் திறந்தபடி மாஸ்க்கை வைத்து அழுத்தினார். மூன்றாவது அழுத்தலில் நெஞ்சு எழும்பியது. அரை நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு 100-ஐத் தாண்டியது. நான்காவது நிமிட வாக்கில் குழந்தை அழுதது. வலது மணிக்கட்டில் மாட்டிய ஆக்சிமீட்டர் ஐந்தாவது நிமிடத்தில் 80-க்கு மேல் காட்டியது. அந்த நேரத்துக்கு அது எதிர்பார்க்கும் அளவுதான். கண்காணிப்புக்காக எஸ்.என்.சி.யு-வுக்குக் கொண்டுபோனார்கள். வலிப்பு எதுவும் வரவில்லை, பாலும் நன்றாகக் குடித்தது, பிறகு தாயோடு வீட்டுக்குப் போனது.

மறுநாள் பேச்சில் தெரிந்தவை

மறுநாள் குழந்தைகள் பிரிவு, மகப்பேறு பிரிவு, நர்சிங் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசினோம். யாருக்கும் மெமோ கொடுப்பதற்கான கூட்டம் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்ததால் எல்லோரும் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள்.

0 அளவு மாஸ்க் எப்படி வந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது. சற்று முன்னால் அதே வார்மரில் ஒரு குறைமாதக் குழந்தையைப் பார்த்திருக்கிறார்கள், மாஸ்க்கை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். கழுத்து விஷயம் அதைவிடக் கவனிக்க வேண்டியது. தோளுக்கு அடியில் மடித்த துணி முதலில் இருந்திருக்கிறது. ஈரத் துண்டை உருவியபோது அதுவும் கூடவே போய்விட்டது. பச்சிளங்குழந்தைக்குப் பின்தலை பெரியது. சமதளத்தில் மல்லாக்கப் போட்டாலே தாடை நெஞ்சை நோக்கி மடங்கும். இந்தக் குழந்தைக்கு வேக்குவம் வைத்த இடத்தில் வீக்கம் வேறு. கழுத்து நன்றாகவே மடங்கி மூச்சுப்பாதையை அடைத்திருக்கிறது.

இவை இரண்டும் எந்த லேபர் ரூமிலும் எந்த நாளும் நடக்கக்கூடியவை. கேள்வி, அவற்றை ஏன் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். அவர் மந்தமான மாணவர் இல்லை. ஆஸ்கியில் இதே நிலையத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்:

"லேப்ல பேக்கை அமுக்கினா நெஞ்சு எழும்பிடும் சார். எழும்பலன்னா என்ன பண்ணணும்னு தெரியும், எழுதச் சொன்னா இப்பவும் வரிசையா எழுதிடுவேன். ஆனா ஒரு தடவைகூட எழும்பாம இருந்ததில்ல."

அன்று மாலையே இரண்டு பேர் ஸ்கில்ஸ் லேபுக்குப் போய்ப் பொம்மைகளை எடுத்துப் பார்த்தோம். பழைய மேனிகினின் கழுத்து இறுகிப்போயிருந்தது. தோளுக்கு அடியில் துணி வைத்தாலும் வைக்காவிட்டாலும் தலை ஒரே நிலையில்தான் நிற்கும். மாஸ்க்கை அரைகுறையாக வைத்து அழுத்தினாலும் நெஞ்சு எழும்பியது. பலமாக அழுத்தினால் இன்னும் நன்றாக எழும்பியது. அதாவது, 'நெஞ்சு எழும்பவில்லையா, பலமாக அழுத்து' என்ற பாடத்தை அந்தப் பொம்மை வருடக்கணக்காக நடத்திக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் பாடக்குறிப்பில் இருந்தது வேறு: முதலில் மாஸ்க், தலையின் நிலை, அப்புறம் உறிஞ்சுதல், வாயைத் திறத்தல், அதற்கும் பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டுவது, எதுவும் பலிக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் அல்லது எல்.எம்.ஏ. என்ற குரல்வளை மாஸ்க். மாணவர்கள் இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.ஆர்.சோபா என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்.

நியோநேட்டலி நல்ல கருவி. அதற்குள் தண்ணீர் நிரப்பலாம்; நிரப்பினால் சுமார் இரண்டு கிலோ எடையோடு தலையும் கைகால்களும் நிஜக் குழந்தையைப் போலத் துவளும். தொப்புள்கொடியில் துடிப்பு வரவைக்க ஒரு பல்பு, மூச்சு விடவைக்க ஒன்று, அழவைக்க ஒன்று என்று இருக்கும். இவற்றைப் பயிற்றுநர் மறைவாக அழுத்தலாம். ஆனால் லேபில் அது காற்று நிரப்பியபடிதான் கிடந்தது. தண்ணீர் நிரப்புவதும் வடிப்பதும் யாருக்கும் பிடிக்காத வேலை. பல்புகளையும் யாரும் தொடவில்லை. மாணவர் "ஹார்ட் ரேட் பார்க்கிறேன்" என்று சொல்வார், தேர்வாளர் "நூறுக்கு மேல்" என்பார். ஸ்டெதஸ்கோப் மாணவரின் கழுத்திலேயே இருக்கும். அன்று இரவு ஹவுஸ் சர்ஜன் தலையைத் தூக்கி யாரைப் பார்த்து "ஹார்ட் ரேட்?" என்று கேட்டார் என்பது எங்களுக்கு இங்கேதான் விளங்கியது.

மதிப்பெண் தாளிலும் ஒரு விஷயம் இருந்தது. 'நெஞ்சு எழும்பாவிட்டால் திருத்த நடவடிக்கைகள்' என்பது ஒரே வரி. பொம்மையின் நெஞ்சு எழும்பிவிடுவதால் அதைச் செய்து காட்ட வாய்ப்பே இல்லை. "எழும்பாவிட்டால் எம்.ஆர்.சோபா செய்வேன்" என்று வாயால் சொன்னாலே மதிப்பெண் விழுந்துவிடும்.

இது ஒருவரின் பிரச்சினைதானா என்று பார்க்க, நர்சிங் கல்லூரியிலிருந்து கழுத்து தளர்வாக உள்ள ஒரு பொம்மையை வாங்கிவந்து, துணி வைக்காமல், 0 மாஸ்க் மாட்டி, அதே பேட்ச் ஹவுஸ் சர்ஜன்கள் சிலரிடம் கொடுத்தோம். பலரும் அதையேதான் செய்தார்கள்: வேகம் தப்பவில்லை, நெஞ்சு எழும்பவில்லை, பேக்கை இன்னும் பலமாக அழுத்தினார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வந்த யோசனை புது சிமுலேட்டர் வாங்கலாம் என்பது. கம்ப்யூட்டரோடு இணைந்து, உதடு நீலமாகி, தானாகவே துடிப்பு மாறும் வகை. விலை லட்சங்களில். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. இந்த நிகழ்வில் தேவைப்பட்டது மூன்றுதான்: மாஸ்க் சரியில்லாவிட்டால் காற்று கசிய வேண்டும், கழுத்து மடங்கினால் காற்று போகக் கூடாது, துடிப்பைத் தொட்டு அறிய முடிய வேண்டும். இதற்குத் தளர்ந்த கழுத்துள்ள எளிய பொம்மை போதும். கையில் இருந்ததையே சரியாகப் பயன்படுத்தாதபோது, விலை உயர்ந்ததை வாங்கி அதையும் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை என்று மூத்த பேராசிரியர் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

இறுகிய கழுத்துள்ள மேனிகினை மாஸ்க் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டோம். தொப்புள் வழி ஊசி போடப் பழகுவதற்கு மட்டும் அது இப்போது இருக்கிறது. நியோநேட்டலிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினோம். முகத்திலும் உடம்பிலும் நீர்த்த சோப்புக் கரைசலைத் தடவினோம். பிறந்த குழந்தையின் வழுக்கல் தெரியாதவரை மாஸ்க்கைப் பிடிக்கும் விரல்களுக்குப் பயிற்சி முழுமையாகாது. சோப்பு தடவிய முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது: கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சி வடிவில் மாஸ்க்கின் மேல் இருக்க, மற்ற விரல்கள் தாடையைத் தூக்கிப் பிடிப்பதற்குப் பதில் முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயின.

அடுத்த முடிவுதான் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் மாணவர் வருவதற்கு முன் பயிற்றுநர் எதையாவது கெடுத்து வைப்பது. ஒரு நாள் சின்ன மாஸ்க், ஒரு நாள் துணியை எடுத்துவிடுவது, ஒரு நாள் தேவைக்கு மேல் தடியான துணி (கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்தாலும் மூச்சுப்பாதை அடைபடும்), இன்னொரு நாள் பேக்கின் வால்வைத் தலைகீழாக மாட்டுவது. எது கெட்டிருக்கிறது என்று மாணவருக்குச் சொல்வதில்லை. இதய வீதத்தையும் யாரும் வாயால் சொல்வதில்லை. பல்பை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும், தொட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். எண்ணாதவருக்கு எண் கிடையாது.

பயிற்சியை எங்கே, எவ்வளவு அடிக்கடி வைப்பது என்பதில் தான்சானியாவின் ஹைடம் லூத்தரன் மருத்துவமனை அனுபவம் எங்களுக்கு வழிகாட்டியது. அங்கே 2010-இல், மூச்சு விடாத பச்சிளங்குழந்தைக்கு உதவக் கற்றுத்தரும் 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சியை ஒரே நாளில் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்துப் பொம்மையில் சோதித்தபோது திறமை கூடியிருந்தது; ஆனால் பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளைப் பார்க்கும் விதம் மாறவில்லை. 2011-இல் பொம்மையைப் பிரசவ அறைக்கே கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதத்துக்கு ஒரு முறை 40 நிமிடம். அதன் பின் முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்ததாக 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே பயிற்சி எடுத்தவர்கள் பணியில் இருந்த செவிலியரும் மருத்துவச்சிகளும். எங்களுடையவர்கள் சில வாரங்களில் வேறு பிரிவுக்குப் போய்விடும் ஹவுஸ் சர்ஜன்கள். அந்த வித்தியாசம் பெரியதுதான். இருந்தாலும், லேபில் ஒரு நாள் முழுக்க நடத்துவதைவிட வார்மர் பக்கத்தில் ஐந்து நிமிடம் என்பது எங்கள் சூழலுக்கும் பொருந்தும் என்று பட்டது. காலை ரிப்போர்ட் முடிந்ததும், பிரசவம் எதுவும் நடக்காத நேரமாகப் பார்த்து, அன்றைய பணியில் உள்ள ஹவுஸ் சர்ஜனும் நர்ஸும் சேர்ந்து ஒரு முறை செய்வது என்று வைத்துக்கொண்டோம். நடத்துவது லேபர் ரூமின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ். ஆசிரியர்கள் தினமும் வர முடியாது என்பது ஒரு காரணம். அன்று இரவு நெஞ்சு எழும்பவில்லை என்று முதலில் கண்டு சொன்னவர் நர்ஸ் என்பது இன்னொன்று.

அதன் பிறகு

முதல் வாரத்திலேயே எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. வார்மரில் அசையாமல் கிடந்த பொம்மையைக் கதவு இடுக்கில் பார்த்த ஒரு பாட்டி, குழந்தை இறந்துவிட்டது என்று நினைத்து வெளியே போய் அழுதுவிட்டார். பிரசவத்துக்காகக் காத்திருந்த மூன்று குடும்பங்களும் பதறிப்போயின. பிள்ளை பெறும் இடத்தில் இப்படி ஒரு பொம்மையைக் கிடத்துவது நல்லதா என்று எங்கள் ஆயாம்மாவே கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இப்போது பொம்மை ஒரு மூடிய பெட்டியில் இருக்கிறது, பயிற்சியின்போது திரை போடப்படுகிறது, முடிந்ததும் உடனே பெட்டிக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது சிக்கல் நாங்களே உண்டாக்கியது. எப்போதும் ஏதோ கெட்டிருக்கும் என்று தெரிந்துவிட்டதால், சிலர் பேக்கைத் தொடுவதற்கு முன் வால்வு, மாஸ்க், துணி என்று துப்பறிய ஆரம்பித்தார்கள். குழந்தை அழாமல் கிடக்கிறது, இவர்கள் ஆம்பு பேக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! முதல் ஒரு நிமிடம் அதிலேயே போனது. அதனால் பாதி முறை எதையும் கெடுக்காமல் வைக்கத் தொடங்கினோம். கருவிகளைச் சோதிப்பது குழந்தை பிறப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்பதைத் தனிப் படியாக்கினோம். பேக்கின் வாயை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக் காற்று முட்டுகிறதா என்று பார்ப்பது, இரண்டு அளவு மாஸ்க்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

நர்ஸ்கள் டாக்டர்களைத் திருத்தத் தயங்கினார்கள். பொம்மை முன்னாலும் "டாக்டர், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்ற அளவில்தான் சொல்வார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று மற்றவருக்குப் புரியாது. "நெஞ்சு எழும்பல, கழுத்தை நிமிர்த்துங்க" என்று நேராகச் சொல்வதையும் பயிற்சியின் ஒரு பகுதியாக்கினோம். கேட்கும் டாக்டர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இது மெதுவாகத்தான் பழகுகிறது. இளைய நர்ஸ்களுக்கு இன்னும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து வேறொரு ஹவுஸ் சர்ஜனுக்கு இதே போன்ற சூழ்நிலை வந்தது. சிசேரியன், குழந்தை அழவில்லை, முதல் சில அழுத்தல்களில் நெஞ்சு எழும்பவில்லை. அவர் நிறுத்தினார், தலையைச் சரிசெய்தார், மாஸ்க்கைத் திரும்ப வைத்தார், எழும்பியது. முதுநிலை மாணவர் வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஒரு நிகழ்வை வைத்துப் பயிற்சி பலித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிறுத்திப் பார்த்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். முன்பு அந்தப் பதிவேட்டில் இப்படி ஒரு வரியே இருந்ததில்லை.

இனி மாற்ற வேண்டியவை

மதிப்பெண் தாள் முதலில் மாற வேண்டும். 'செய்வேன்' என்று சொல்வதற்கு மதிப்பெண் தருவதை உள்தேர்வில் நிறுத்திவிட்டோம். நெஞ்சு எழும்பியதா, எத்தனை விநாடியில் எழும்பியது என்பதற்கே பெரும்பங்கு. மாணவர்களுக்கு இது கடினமாக இருக்கிறது, சராசரி இறங்கியிருக்கிறது. வெளித் தேர்வாளர்கள் பழைய தாளோடு வரும்போது என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை.

பயிற்சி குழந்தைகள் பிரிவில் பணி தொடங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. மகப்பேறு பிரிவில் முதலில் பணியாற்றும் ஹவுஸ் சர்ஜன் அதற்குள் பல பிரசவங்களில் நின்றிருப்பார். எனவே இரண்டு பிரிவுக்கும் பொதுவாக, பணி தொடங்கும் நாளிலேயே வைக்க வேண்டும். வேறு பிரிவுக்குப் போய் மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களிடம் விரல் பிடிப்பு தளர்ந்திருப்பதையும் பார்க்கிறோம். அவர்களை எப்போது, யார் கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பது என்பதற்கு ஏற்பாடு இல்லை. இரவுப் பணியில் ஐந்து நிமிடப் பயிற்சி அநேகமாக நடப்பதே இல்லை. நிகழ்வு நடந்தது இரவில் என்பதால் இது உறுத்தலான இடைவெளி.

கடைசியாகப் பராமரிப்பு. தண்ணீர் நிரப்பி தினமும் பயன்படுத்தும் பொம்மை கசியும், வால்வு தேயும். பயிற்சிப் பொம்மையின் உதிரிபாகங்களுக்கு எந்தக் கணக்கில் செலவு எழுதுவது என்று அலுவலகத்தில் தெளிவில்லை. அவற்றைக் கேட்டு எழுதிய இண்டென்ட் ஸ்டோரில் நிற்கிறது. அது வரும்வரை நர்சிங் கல்லூரியின் பொம்மையைக் காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.